பின்பக்கத்தில் ஒரு பட்டன்

அந்தக் குழுவில் நான் சேர்ந்தது ஒரே ஒரு பட்டனுக்காக. வரப்போகும் கேம் கன்சோல் ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கென்றே போனில் நடந்துகொண்டிருந்த தமிழ்க் குழு அது. இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கருவி. நடுவில் திரை, இரண்டு ஓரத்திலும் ஸ்டிக்கும் பட்டன்களும். புதியது ஒன்று வருகிறது என்று அதைச் செய்யும் கம்பெனி ஒரு வரி சொல்லியிருந்தது. மீதி எல்லாம் இவர்களாகச் சொல்லிக்கொண்டவை.

திரை எவ்வளவு பெரியது, உள்ளே எந்தச் சிப், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், ஓரத்துக் கன்ட்ரோலர்கள் பழைய மாதிரி தண்டவாளத்தில் சறுக்கி மாட்டுமா அல்லது காந்தத்தில் ஒட்டுமா, ஸ்டிக் மறுபடியும் தேய்ந்துபோய்க் கை வைக்காமலே ஒரு பக்கம் இழுக்குமா என்று விடிந்ததிலிருந்து இதே பேச்சு. ஏதோ தொழிற்சாலையில் திருட்டுத்தனமாக எடுத்தது என்று ஒரு மங்கல் படம் வரும். அதில் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, 'கன்பர்ம்' என்பார்கள். மறுநாள் அதே ஆள் வந்து 'ஃபேக்' என்பான். நேற்று நீதானே கன்பர்ம் என்றாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். எனக்கு இவர்களைப் பிடித்ததே இல்லை. ஆனாலும் ஒரு செய்தி விடாமல் படிப்பேன்.

காரணம் ஒரு படம். இடது கன்ட்ரோலரின் பின்பக்கம் என்று ஒருவன் போட்டிருந்தான். கறுப்புப் பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒரு மேடு. ஸ்க்ரூ என்றார்கள் சிலர், நிழல் என்றார்கள் சிலர். பட்டன் என்றார் குழுவை நடத்துகிற அட்மின்.

என் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு கிடையாது. கட்டைவிரல், மோதிர விரல், சுண்டு விரல் இருக்கின்றன. கன்சோலைப் பிடித்தால் கட்டைவிரல் ஸ்டிக்கின் மேல் உட்காரும். ஆள்காட்டி விரல் மேல்விளிம்பில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். எனக்கு அங்கே காற்றுதான். மோதிர விரலை மேலே ஏற்றினால் கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நழுவிவிடும். மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழைய கன்சோலில் நான் ஆடுவது கார் ரேஸ். வளைவில் காரைச் சறுக்கித் திருப்புவதற்கு அந்த இடது மேல்பட்டன்தான். அதனால் கருவியை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் மோவாயால் அமுக்குவேன்.

கல்யாணமான புதிதில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ஆட்டுக்குட்டி பால் குடிக்கிற மாதிரி முட்டிக்கிட்டு இருக்கீக?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு கண்ணாடியில் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது.

இப்படி ஆடும்போதெல்லாம் மோதிர விரல் பின்பக்கத்தில் வேலையில்லாமல் படுத்திருக்கும். அந்தப் படத்தில் மேடு இருந்த இடம் சரியாக அதுதான். நான் படத்தைப் பெரிதாக்கி, பழைய கன்சோலின் முதுகில் அதே இடத்தில் வெள்ளைப் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்தேன். விரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்தது.

அன்றைக்குத்தான் குழுவில் முதல்முறையாக எழுதினேன். பின் பட்டன் ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? மேல்பட்டனின் வேலையை அதற்கு மாற்றிக்கொள்ளலாமா?

அட்மின் சென்னைக்காரர். சொந்தமாக யூடியூப் சேனல் வைத்திருப்பவர். உடனே பதில் போட்டார். "ப்ரோ, பின் பட்டன்லாம் போட்டிகள்ல ஆடுற லெவல் ப்ளேயர்ஸ்க்கு. சும்மா டைம் பாஸ்க்கு ஆடுறவங்களுக்கு எதுக்கு ப்ரோ?"

அதன் கீழே சிரிப்பு பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

நான் அப்போது சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே, பழைய கன்சோலை இடது கையில் பிடித்துப் படம் எடுத்து, "இதற்காகத்தான் கேட்டேன்" என்று போட்டேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். சிவகாசி என்றேன். வீடு விருதுநகர் என்றாலும் கடை அங்கேதான் இருந்தது. படத்தில் என் கைக்குப் பின்னால் கம்பி மத்தாப்புப் பெட்டிகளும் சரவெடிக் கட்டுகளும் அடுக்கியிருந்ததை நான் யோசிக்கவில்லை.

சிரிப்பு பொம்மைகள் அழுகை பொம்மைகளாக மாறின. அட்மின் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "சாரி ப்ரோ. ஹார்ட் டச்சிங்." நானும் பரவாயில்லை என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அவர் சேனலில் ஒரு வீடியோ. முகப்பில் என் கை. வெட்டி எடுத்து, பெரிதாக்கி, சுற்றிலும் நெருப்பு வரைந்திருந்தார்கள். பட்டாசு பறித்த விரல்கள், புதிய கன்சோலுக்காக ஏங்கும் சிவகாசி கேமர் என்று தலைப்பு. உள்ளே சோகமாக வயலின். பிஞ்சு வயதிலிருந்து வெடி வேலைக்குப் போனேனாம். ஒரு வெடி விபத்தில் விரல் போனதாம். அந்த இருட்டில் எனக்கு ஒரே வெளிச்சம் கேம்தானாம். பின்பக்கத்தில் பட்டன் வரப்போகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்று கேட்டு, அங்கிருந்து சிப்புக்கும் பேட்டரிக்கும் போய்விட்டார்.

நான் ஒரு நாளும் வெடி வேலைக்குப் போனவன் அல்ல. பிறந்தது மல்லாங்கிணறு. அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். டிப்ளமோ முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். வெடிப்பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள்களைக் கட்டுக் கட்டாக வெட்டும் கட்டிங் மெஷினில் வேலை. அந்த மெஷினில் இரண்டு பட்டன் உண்டு, இந்தக் கோடிக்கு ஒன்று, அந்தக் கோடிக்கு ஒன்று. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். கத்தி இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகவே மெஷினைச் செய்தவன் அப்படி வைத்திருக்கிறான். சீசன் நேரத்தில் அப்படி வெட்டினால் லோடு போகாது. அதனால் இடது பட்டனில் அட்டைத் துண்டைச் செருகி எப்போதும் அமுங்கியே இருக்கும்படி வைத்திருப்பார்கள். வலது கை பட்டனில், இடது கை தாளைத் தட்டிச் சரிசெய்துகொண்டு. நான் சேரும் முன்பே அந்த அட்டை அங்கே இருந்தது. எனக்கு முன்னால் அதில் நின்றவனும் அப்படித்தான் வெட்டினான். எனக்கு ஒரு நாள் தவறியது.

இதைத்தான் அட்மினுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

"வீடியோவ எடுத்துருங்க. நான் வெடி வேலையே பாத்ததில்ல. இது பிரஸ்ல கட்டிங் மெஷின்ல போனது."

"ப்ரோ, ஆடியன்ஸ்க்குக் கட்டிங் மெஷின்னா என்னன்னே தெரியாது. சிவகாசின்னா பட்டாசு. அதான் கனெக்ட் ஆகும்."

"பொய்யி, எடுங்க."

"உங்களுக்காகத்தானே ப்ரோ பண்ணேன். கமென்ட்ஸ் பாருங்க, எல்லாரும் உங்களுக்காக அழறாங்க. அந்தக் கம்பெனிக்கே டேக் பண்றாங்க. நாளைக்குப் பின் பட்டன் வந்துச்சுன்னா அதுக்கு நீங்கதான் காரணம்."

போனை வைத்துவிட்டார். கமென்ட்களைப் பார்த்தேன். கடவுள் இருக்கிறார் என்று ஒருவன். அக்கவுன்ட் நம்பர் கொடுங்கள் என்று ஒருத்தி. தைரியமாக இருங்க தம்பி என்று என்னைவிடச் சின்னவன் ஒருவன். அத்தனை பேர் சேர்ந்து என்னைக் கேவலப்படுத்தியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

கடை முதலாளி மதியம் கூப்பிட்டார். அவர் போனிலும் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திரையில் என் கைக்குப் பின்னால் அவர் கடைப் பெட்டிகள்.

"ஏலே, என்னலே இது? சீசன் நேரத்துல, எங்கடையில உக்காந்துக்கிட்டு, வெடி வெரலப் பறிச்சுருச்சுன்னு சொல்லியிருக்க?"

"நான் சொல்லல அண்ணாச்சி. அவனா கட்டிவிட்டது. எனக்குப் போனது கட்டிங்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்லே. வாங்க வர்றவனுக்குத் தெரியுமா? பிள்ளையக் கூட்டிக்கிட்டு வர்றவன் கவுன்ட்டர்ல உங்கையப் பாத்தான்னா மத்தாப்பு வாங்குவானா? நீ இன்னையிலருந்து குடோனுக்குப் போ. முன்னால வராத."

அதுவரை என் கையைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் கடையை விட்டு ஓடியதில்லை. "வெடியிலயா?" என்று கேட்பார்கள், இல்லை என்பேன், நம்பாமல் தலையாட்டிவிட்டு வாங்கிப் போவார்கள். சொல்லிப் பயனில்லை. கடைக்குப் பின்னால் இருந்த குடோனுக்குப் போனேன்.

வீட்டுக்குப் போனால் அங்கே மாமனார். காரியாபட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் மனைவி அடுக்களை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் வருவதற்கு முன்பே ஒரு சுற்றுப் பேச்சு முடிந்திருந்தது என்று இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது.

"மாப்ள, பொண்ணு பாக்க வந்தப்ப என்ன சொன்னீக? பிரஸ்ல மெசினுன்னு சொன்னீகளா, வெடின்னு சொன்னீகளா?"

"பிரஸ்ஸுன்னுதான் சொன்னேன். அதான் நெசம்."

"ஊரே படத்தப் பாத்துட்டு வந்து எங்கிட்டக் கேக்குது. உங்க மருமகன் வெடி வேலைக்காரனாமேன்னு கேக்குது. நம்ம ஆளுக வெடி வேலைக்குப் போறதுண்டா? நாளைக்கு நான் எப்படித் தெருவுல நடக்க?"

நான் பொய் சொன்னேன் என்பது கூட அவருக்குப் பெரிதில்லை. வெடி வேலைக்குப் போகிறவர்கள் யார், அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாமா கூடாதா என்று அவருடைய ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் நான் தப்பான பக்கம் விழுந்துவிட்டேன். அதுதான் அவருக்குப் பெரிது.

"நாளைக்கு அந்த பிரஸ்ஸுக்கு வாங்க. மொதலாளியவே கேட்டுருவோம்" என்றேன்.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அச்சக முதலாளி நாற்காலி போட்டு, டீ சொன்னார். மாமனார் கேட்டதும் கூரையைப் பார்த்தார். "அதெல்லாம் ஆச்சு எம்புட்டோ காலம். எங்க, எப்படின்னு எனக்கு ஞாபகம் இல்லீக" என்றார். அட்டை செருகிய பட்டன் அவருக்கு ஞாபகம் வராது. எப்படி வரும்? நாங்கள் வெளியே வந்ததும் அந்த முதலாளி என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "வெடின்னே இருந்துட்டுப் போகட்டும்லே. உனக்கென்ன நட்டம்?" என்றார். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. வலது கையில் எனக்கு எல்லா விரலும் இருக்கிறது. அடிக்கவில்லை.

மாமனார் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். போனில் என் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள். "எதுல போனா உங்களுக்கென்ன? கட்டிக்கிட்டது நான். வெடியிலயே போயிருந்தாலும் கட்டியிருப்பேன். தெருவுல நடக்க முடியலன்னா வீட்டுல இருங்க" என்றாள். அந்தத் தீபாவளிக்கு அவர் வரவில்லை.

குடோனில் என்னோடு கிஃப்ட் பாக்ஸ் கட்டும் அக்கா ஒருத்தி இருந்தாள். முன்பு ஒரு வெடி ஆலையில் வேலை பார்த்தவள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். நான் வந்த நாளிலிருந்து யாரிடமாவது போனில் பல்லைக் கடித்துக்கொண்டு, வெடி இல்லை, வெடி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏலே தம்பி, வெடியில போகல, வெடியில போகலன்னு ஊரெல்லாம் கூவிக்கிட்டு இருக்கியே, வெடியில போனா அது என்ன சீக்கா?"

"இல்லக்கா, பொய் சொல்லியிருக்கான், அதான்..."

"பொய்க்கு நீ கோவப்படல. எனக்குத் தெரியாதா? எங்களோட சேத்துட்டான்னு கோவப்படுற."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதுவும் அவளுக்கு ஒரு கூவலாகத்தான் கேட்டிருக்கும். அதன் பிறகு சீசன் முடியும் வரை அவள் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர எதுவும் பேசவில்லை. எனக்கும் அவள்மேல் கோபம் இருந்தது. பாதி உண்மையைச் சொன்னவர்கள் மேல் வருகிற கோபம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அட்மின் நேரிலேயே வந்தார். நண்பர்கள் சிலரோடு காரில் பட்டாசு வாங்க வந்தவர், எங்கள் கடைக்கே வந்திருந்தார். முதலாளி குடோனுக்கு ஆள் அனுப்பாமல் தானே வந்தார்.

"ஏலே, அந்தச் சேனல்காரன் வந்திருக்கான். நல்ல ஆர்டரு. உன்னயப் பாக்கணுங்கறான். போ. ஆனா ஒண்ணு, கேமரா முன்னால வெடி இல்லன்னு நீ சொல்லிரணும். கடை பேர அவன் சொல்லட்டும்."

அந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் ஒரே பக்கம் இருந்தோம்.

கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார் அட்மின். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம். தோளில் கை போட வந்தார், நான் விலகிக்கொண்டேன். அவருடைய நண்பன் கேமராவைத் தூக்கினான்.

"ப்ரோ, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று பையிலிருந்து ஒன்றை எடுத்தார்.

வரப்போகும் கன்சோலின் டம்மி. வெளியே கசிந்த அளவுகளை வைத்து த்ரீடி பிரின்டரில் செய்தது. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. திரை இருக்கும் இடத்தில் கறுப்பு ஸ்டிக்கர். கன்ட்ரோலர்களைக் காந்தத்தில் ஒட்டவைத்திருந்தார்கள். பிடுங்கினால் 'டக்' என்று வந்தது. பின்பக்கத்தில் ஸ்பிரிங் வைத்து உண்மையாகவே ஒரு பட்டன்.

வாங்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கை நீண்டுவிட்டது. பழையதைவிட அகலம், ஓரம் வளைந்திருந்தது. கட்டைவிரல் ஸ்டிக்குக்குப் போனது. மோதிர விரல் பின்னால் போய், தேடாமல் அந்தப் பட்டனில் உட்கார்ந்தது. அமுக்கினேன். உள்ளே போய்த் திரும்பி வந்தது. மறுபடி அமுக்கினேன். நெஞ்சில் சாய்க்க வேண்டியதில்லை, மோவாய் வேண்டியதில்லை. வளைவு ஒன்று வருகிறது, அமுக்குகிறேன், கார் திரும்புகிறது. எதிரே நிற்கிறவனை எவ்வளவு வெறுத்தேனோ அவ்வளவுக்கு அந்தப் பிளாஸ்டிக் கூடு எனக்கு வேண்டியிருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி ஃபீல் பண்றீங்க ப்ரோ?"

நான் கேமராவைப் பார்த்தேன். "எனக்கு வெரல் போனது பிரஸ்ல, கட்டிங் மெஷின்ல. ரெண்டு கையாலயும் அமுக்க வேண்டிய பட்டன்ல ஒண்ணுல அட்டையச் செருகி வச்சிருந்தாங்க. வெடியில போயிருந்தா வெடின்னே சொல்லியிருப்பேன். அதுல எனக்குக் கூச்சமில்ல. இவர் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எங்கைய எடுத்துப் போட்டுக் கதை கட்டியிருக்காரு. அத எடுக்கச் சொல்லி எப்பவோ சொல்லிட்டேன். இன்னும் எடுக்கல."

அட்மினின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஓகே ப்ரோ, ஓகே. அதெல்லாம் எடிட்ல பாத்துக்கலாம்" என்றார்.

"எடிட் பண்ணாமப் போடுங்க."

"ப்ரோ, நீங்க ரொம்ப நெகட்டிவ்வா இருக்கீங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நாங்க குரல் குடுக்குறோம்."

"என்னை மாதிரி ஆளுன்னா?"

அவர் டம்மிக்காகக் கையை நீட்டினார். நான் உடனே கொடுக்கவில்லை. இன்னொரு முறை அமுக்கிவிட்டுத்தான் கொடுத்தேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல்.

வீடியோ தீபாவளி அன்று வந்தது. என் குரல் ஒரு சொல் இல்லை. டம்மியைப் பிடித்திருக்கும் என் இடது கை, பட்டனில் உட்காரும் மோதிர விரல், நான் கண்ணை மூடித் திறப்பது. அதே வயலின். கடை பேர் கூட வரவில்லை; முதலாளி என்னைத்தான் திட்டினார். சீசன் முடிந்ததும் நான் அந்த வேலையை விட்டுவிட்டு விருதுநகரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சேர்ந்தேன். அங்கேயும் முதல் நாளே, "வெடியிலயா?" என்றுதான் கேட்டார்கள்.

அந்த வீடியோவின் அடியில் நான் உண்மையை எழுதினேன். அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன், என்னைத் தடை செய்தார்கள். என் மனைவி போனை என்னிடமிருந்து பிடுங்காமல், தன் போனை எடுத்தாள். "நீங்க மரியாதையா எழுதுறீக. அதான் அழிக்கிறாக" என்று சொல்லி அவள் எழுதியதை இங்கே எழுத முடியாது. அது ஒரு நாள் முழுக்க அழியாமல் கிடந்தது. அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்து இருவரும் சிரித்தோம். அத்தனை மாதத்தில் அது ஒன்றுக்குத்தான் சிரித்தோம்.

பொங்கல் கழிந்து மாமனார் வந்தார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பை நிலக்கடலையைக் கீழே வைத்துவிட்டு, மல்லாங்கிணறு பக்கம் மழை எப்படி என்று கேட்டார். சுமார் என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போனார். மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்டால், அவர் கேட்கவே இல்லையே என்பேன்.

கன்சோல் ஒருவழியாக வந்தது. மதுரையில் ஒரு கடையில் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போனேன். கம்பி கட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். திரை பெரிதுதான். கன்ட்ரோலர் காந்தம்தான், அதில் அட்மின் சொன்னது சரி, நான் தண்டவாளம் என்று நினைத்தது தப்பு. இடது கையில் எடுத்துப் பின்னால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே தடவினேன். படத்தில் மேடு போலத் தெரிந்த இடத்தில், கன்ட்ரோலரைக் கழற்றுவதற்கான ஒரு சின்னப் பிடி. அமுக்கினால் கன்ட்ரோலர் கையோடு வந்துவிட்டது. மோதிர விரலால் காரைத் திருப்ப நினைத்து, கன்சோலையே பிய்த்துவிட்டேன்.

"பின்பட்டன் தனியா விக்கிற பெரிய கன்ட்ரோலர்ல மட்டும்தான் சார். இதுல வராது" என்றான் கடைக்காரன்.

"அப்ப அதக் காட்டுங்க" என்றாள் என் மனைவி.

"ஸ்டாக் இல்லீங்க மேடம்."

நான் கன்ட்ரோலரைத் திரும்ப ஒட்டவைத்தேன். 'டக்' என்று பிடித்துக்கொண்டது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ் திருமங்கலம் தாண்டியது. "பட்டன் இருக்குன்னு வச்சே ஒரு வருசம் ஓட்டிட்டான்ல அவன்" என்றாள் அவள். "டம்மியில பட்டன ஒட்டவச்சு வேற காட்டுனான்" என்றேன். "நீங்களும் அமுக்குனீக" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். சேனலை விட முடியவில்லை. போன வாரம் அட்மின் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். இதே கன்சோலில் திருத்திய மாடல் ஒன்று வரப்போகிறதாம், பின்பக்கம் நிச்சயம் மாறுமாம். ஒரு மங்கல் படம், சிவப்பு வட்டம், அம்புக்குறி. எனக்கு அந்தக் குரலே ஆகாது. லாரி ஆபீசில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, முகம் முழுக்கக் கடுகடுப்போடு, கடைசி வரை பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கியும் பார்த்தேன். ஸ்க்ரூ மாதிரிதான் தெரிந்தது.